மாற்றுத் துணியோடு நின்றவள்

எங்கள் மாவட்டத்தில் பெரிய மனிதர்கள் அதிகம் விளைவதில்லை. மாவட்ட வரலாறு என்று ஒரு புத்தகம் போட்டபோது, பெருமக்கள் பகுதியை நிரப்ப அவர்கள் பட்ட பாட்டைப் பார்த்து நாங்களே சிரித்தோம். ஒரு மல்யுத்த வீரர், பாதை போட நிலம் கொடுத்த ஒரு பண்ணைக்காரர், தலைநகரத்துக்குப் போய்ப் பத்திரிகை நடத்தி நொடித்துத் திரும்பிய ஒருவர். அவர்களுக்கெல்லாம் அரைப் பக்கம். மதகுக்காரருக்கு மட்டும் படத்தோடு நான்கு பக்கம். வெள்ளத்திலிருந்து ஊரைக் காப்பாற்றி உயிரை விட்டவர் அவர். நாலுமுக்குச் சந்திப்பில் நிற்கிற சிலையும் அவருடையதுதான். அந்த நான்கு பக்கமும், 'அன்னாரது மனைவி அரசு மருத்துவமனையில் பணிபுரிகிறார்' என்று முடியும்.

நான் சொல்லப்போவது அந்தக் கடைசி வரியில் இருக்கிற மனைவியைப் பற்றி. அந்த மருத்துவமனையில்தான் நானும் நர்ஸாக இருந்தேன். அவளை அக்கா என்று கூப்பிடுவேன். அவள் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள்.

மருத்துவமனையின் பின்பக்கம், சமையலறைக்கும் பிணவறைக்கும் நடுவே தாழ்ந்த கூரையோடு இருந்தது சலவைக்கூடம். அதை ஒட்டிய துணியறையில் அக்காவுக்கு வேலை. விரிப்புகளும் தலையணை உறைகளும் வெந்து, அலசி, உலர்ந்து அவள் மேசைக்கு வரும். கிழிந்ததைத் தையல் மிஷினில் ஒட்டுப்போடுவாள். கறை போகாததைத் திருப்பி அனுப்புவாள். மிச்சத்தை மடித்து வார்டுக்கு வார்டு பிரித்து அடுக்குவாள். அந்த அறையில் எப்போதும் சோப்பும் சூடான துணியும் கலந்த வாசனை. வார்டில் எரிச்சல் தாங்காத நேரத்தில் விரிப்பு வாங்குகிற சாக்கில் நாங்கள் அங்கே ஓடிவிடுவோம். அக்கா வாயைத் திறந்தால் சிரிக்காமல் திரும்ப முடியாது.

"பெரிய டாக்டர் வீட்டுல மெத்தை விரிப்பே வாங்கறதில்லையாம் சிஸ்டர். நம்ம விரிப்புதான் அங்க நடந்து போகுது. பாவம் மனுஷன், வீட்டுலயும் பேஷண்ட் மாதிரியேதான் தூங்கறார்."

வருடத்தில் ஒரு நாள் மட்டும் அந்த வாய் மூடிக்கொள்ளும். மதகுக்காரர் இறந்த நாள் அது. காலையில் மருத்துவமனை வாசலுக்கே கார் வரும். சிமெண்ட் கடை முதலாளி அனுப்புகிற கார். அவர்தான் நினைவுக் குழுவின் தலைவர். அக்கா தலை வாரி, நல்லதாக ஒன்றை உடுத்திக்கொண்டு ஏறிப்போவாள். சிலைக்கு முன்னால் மேடை போட்டிருக்கும். நடு நாற்காலிக்குப் பக்கத்தில் அவளை உட்கார வைப்பார்கள். அதிகாரிகள் பேசுவார்கள், பள்ளிப் பிள்ளைகள் பாடுவார்கள். தலைவர் மைக்கைப் பிடித்தால் கூட்டம் அசையாது. கொட்டுகிற மழையில், கைக்குழந்தையோடும், கணவருக்கு மாற்றுத் துணி வைத்த பையோடும், வாசற்படியில் காத்து நின்ற மனைவியைப் பற்றி அவர் சொல்லுகிறபோது பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அவரும் துடைத்துக்கொள்வார். கடைசியில் அக்கா எழுந்து, "எல்லாருக்கும் நன்றி" என்பாள். மறுநாள் வழக்கம்போல விரிப்பு மடிக்க வந்துவிடுவாள்.

மேடையில் தலைவரை எப்போதும் தன் இடது பக்கமாகவே உட்கார வைத்துக்கொள்வாள். அந்தக் காது அவளுக்குக் கேட்காது.

காது போன கதையை அவள் ஒரே மூச்சில் சொல்லவில்லை. துணி மடிக்கிற நேரத்தில், மாதக்கணக்கில், துண்டு துண்டாகச் சொன்னதை நான் சேர்த்துச் சொல்கிறேன்.

கல்யாணமாகி அவள் போனது அணைக்கரைக் குடியிருப்புக்கு. இரண்டே அறை. சன்னலைத் திறந்தால் தண்ணீர், மூடினால் தண்ணீர்ச் சத்தம். கணவருக்கு மதகுகளைத் திறந்து மூடுகிற வேலை. வெளியே அவர் தங்கமான மனிதர். வயலுக்குத் தண்ணீர் கேட்டு எவர் வந்தாலும் முகம் சுளிக்கமாட்டார். வழியில் பார்க்கிற பிள்ளைகளையெல்லாம் தோளில் தூக்கிக்கொள்வார், அருமையாகப் பாடுவார். வீட்டுப் படியேறி உள்ளே வந்தால் வேறு ஆள்.

"குடிச்சிட்டு அடிச்சாலாவது குடி மேல பழியப் போடலாம் சிஸ்டர். இவர் பச்சத் தண்ணிதான் குடிப்பார். நல்லாத் தெளிவா இருக்கும்போதுதான் கை நீட்டுவார்."

சாப்பாடு ஆறிப்போயிருந்தால் அடி. கூப்பிட்ட குரலுக்குத் தாமதமாக வந்தால் அடி. அப்படி ஒரு நாள் விழுந்த அறையில்தான் இடது காது போனது. இரண்டு தடவை அண்ணன் வீட்டுக்கு ஓடினாள். "கை நீட்டாத புருஷன் எங்க இருக்கான்? கொஞ்சம் பொறுத்துப் போம்மா" என்று சொல்லி, அண்ணனே தன் ஸ்கூட்டரில் உட்கார வைத்துத் திரும்பக் கொண்டுவந்து விட்டார். இரண்டாவது தடவை மதகுக்காரரும் அண்ணனும் சிரித்துப் பேசிக்கொண்டே சாப்பிட்டார்கள். பரிமாறியவள் அவள்.

மகள் பிறந்த பிறகு, தொலைவில் ஒரு விடுதியில் சமையல் வேலை செய்துகொண்டிருந்த சித்தியிடம் சொல்லி அனுப்பினாள். "கிளம்பி வா, மிச்சத்தை இங்க வந்து பேசிக்கலாம்" என்றாள் சித்தி. அக்கா தன் துணியையும் குழந்தையின் துணியையும் ஒரு பையில் திணித்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தாள்.

அந்த வாரம்தான் மழை பிடித்தது. விடாத மழை. பஸ் ஓடவில்லை. ஒரு நாள் விடியற்காலையில் ஒழுகுகிற இடத்துக்குப் பாத்திரம் தேடிக் குனிந்த மதகுக்காரர் கையில் பை அகப்பட்டது. பிரித்துப் பார்த்தார். எழுந்து அவள் தலைமுடியைப் பிடித்தார். அந்த நேரம் வெளியிலிருந்து உதவியாள், "அண்ணே, தண்ணி கிடுகிடுன்னு ஏறுது, மதகு மோட்டார் நின்னுபோச்சு!" என்று கத்தினான். அவர் முடியை விட்டார்.

"வந்து உன்னப் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு மழையில் ஓடினார்.

அக்கா குழந்தையை இடுப்பில் எடுத்துக்கொண்டாள், பையைத் தூக்கிக்கொண்டாள், படியில் இறங்கினாள். பாதை முழுக்கத் தண்ணீர். போக வழியில்லாமல் அங்கேயே நின்றாள். அங்கிருந்து மதகு மேடை நன்றாகத் தெரியும். உதவியாளை அவர் பிடித்துத் தள்ளுவதைப் பார்த்தாள். ஓடிப்போய் ஊரை எழுப்பு என்கிறார் என்று புரிந்தது. பிறகு அவர் தனியாகவே பக்கவாட்டு மதகுகளின் சக்கரங்களைக் கையால் சுற்றித் திறந்துகொண்டே போனார். அவை திறந்தால் வெள்ளம் புதர்க்காட்டுப் பக்கம் திரும்பும். இல்லாவிட்டால் கரை உடைந்து ஊர்மேல்தான் இறங்கும். கடைசிச் சக்கரத்தைச் சுற்றி முடிக்கிற சமயத்தில் மேடை பிய்த்துக்கொண்டு போனது. அவரும் போனார்.

தண்ணீர் வடிந்ததும் ஓடிவந்த ஜனங்கள் பார்த்தது, பையும் பிள்ளையுமாகப் படியில் நனைந்து நின்ற ஒரு பெண்ணை. பையில் என்ன இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. அவர்களே முடிவு செய்துகொண்டார்கள்.

"அவர் செஞ்சதுல பொய் இல்ல சிஸ்டர்" என்றாள் அக்கா. "என் கண்ணால பார்த்தேன். ஓடி வந்திருக்கலாம், வரல. ஊருக்காகத்தான் செத்தார். என் முடியப் பிடிச்ச அதே கைதான் சக்கரத்தையும் சுத்துச்சு. இதுல நான் எதைச் சொல்றது, எதை விடறது?"

ஒரே ஒரு தடவை சொல்லப் பார்த்திருக்கிறாள். மாவட்ட வரலாற்றுப் புத்தகத்துக்காக ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் பேனாவும் கையுமாகத் துணியறைக்கு வந்தார். மதகுக்காரர் கடைசியாக உங்களிடம் என்ன சொன்னார் என்று கேட்டார். அக்கா கையிலிருந்த உறையை மேசையில் வைத்துவிட்டு, நடந்ததை நடந்தபடியே சொன்னாள்.

"'வந்து உன்னப் பாத்துக்கறேன்'னு சொன்னார்."

தலைமையாசிரியர் எழுதுவதை நிறுத்திவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "வந்து உன்னைப் பார்த்துக்கொள்கிறேன்! என்ன அன்பு, என்ன அன்பு!" என்றார். அது புத்தகத்தில் வந்தது. அடுத்த வருடம் சிலையின் பீடத்தில் கல்லிலும் வெட்டினார்கள். அதற்குமேல் அக்கா யாரிடமும் எதையும் சொல்லப் போகவில்லை.

பாய்லர்க்காரர் எங்கள் மருத்துவமனைக்கு வந்தபோது அவளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். சலவைக்கூடத்துக்கு நீராவி கொடுக்கிற பாய்லரைப் பார்த்துக்கொள்பவர். படுக்கையில் கிடந்த அம்மாவைக் கவனித்துக்கொண்டே கல்யாண வயதைத் தாண்டிவிட்டவர். அதிகம் பேசமாட்டார். பேசினால் அக்காவுக்கே ஈடு கொடுப்பார்.

"உங்க விரிப்பெல்லாம் நல்லா வெந்துடுச்சு. உப்புப் பார்த்துட்டு இறக்கிடலாமா?" என்று வாசலில் நின்று கேட்பார்.

மேடையில் வருடா வருடம் பக்கத்தில் உட்கார்ந்த தலைவருக்குத் தெரியாத ஒன்று, வந்த சில நாளிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. அக்காவோடு பேச வந்தால் மேசையைச் சுற்றிக்கொண்டு வலது பக்கமாக வந்து நிற்பார். ஒரு நாள், "அந்தக் காது எப்படிப் போச்சு?" என்று கேட்டார். அவள் சொல்லிவிட்டாள். அவர், அவள் மடித்துக்கொண்டிருந்த விரிப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேருமாக அன்றைய மிச்சத் துணியை மடித்து முடித்தார்கள். அதை என்னிடம் சொன்ன அன்றைக்கு அக்கா முகத்தைப் பார்க்க வேண்டும். புதுப்பெண் கெட்டாள் போங்கள்.

கல்யாணப் பேச்சு அவரிடமிருந்துதான் வந்தது. அக்காவும் சரி என்கிற இடத்துக்கு வந்துவிட்டாள். எங்கிருந்து கசிந்ததோ, அடுத்த வாரமே தலைவர் அவள் அண்ணனையும் கூட்டிக்கொண்டு துணியறைக்கு வந்துவிட்டார்.

"தாராளமா பண்ணிக்கோங்கம்மா" என்றார் தலைவர். "உங்க வாழ்க்கை, உங்க இஷ்டம். தடுக்க நான் யாரு? ஒண்ணே ஒண்ணு மட்டும் யோசிச்சுப் பாருங்க. வருஷா வருஷம் மேடையில நான் யாரைக் காட்டிப் பேசறது? பாய்லர்க்காரர் பொண்டாட்டியையா?"

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டே, "ஊர் சிரிக்கும்மா" என்றார்.

அவர்களைக்கூட அக்கா தாண்டியிருப்பாள். தாண்ட முடியாதது மகளைத்தான். அப்போது அவளுக்குப் பதினான்கு வயது. அப்பாவின் முகமே நினைவில்லாத பிள்ளை, அப்பாவைப் பற்றிப் பேசிப் பேசியே பரிசு வாங்கியவள். வீட்டு அலமாரி முழுக்க அந்தக் கோப்பைகள். விஷயம் தெரிந்ததும் அவள் அழவில்லை, கத்தவில்லை. "அப்பா போட்டோவ என்ன பண்ணுவ? அதையும் அவர் வீட்டுக்கு எடுத்துட்டுப் போவியா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு சாப்பிட வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

உண்மையைச் சொல்லிவிடு என்று நான் சொன்னேன்.

"அவளுக்குன்னு இருக்கறது அந்த அப்பா ஒருத்தர்தான் சிஸ்டர். அதையும் நான் பிடுங்கறதா?" என்றாள் அக்கா.

பாய்லர்க்காரரிடம் கொஞ்ச நாள் போகட்டும் என்றாள். "அவசரமே இல்ல. பாய்லர் சூடாகற வரைக்கும் உட்கார்ந்து பழகினவன் நான்" என்றார் அவர். அந்தக் கொஞ்ச நாள் வருடங்களாகிவிட்டது. அவருடைய அம்மா காலமானாள். அதன்பிறகு ஒரு நாள் அவர் வேறு ஊருக்கு மாறுதல் வாங்கிக்கொண்டு, சொல்லிக்கொள்ள வந்தார். அன்றைக்கும் மேசையைச் சுற்றி வலது பக்கமாகத்தான் வந்து நின்றார்.

"போயிட்டு வரேன்னு சொல்லல. போறேன்" என்றார்.

அக்கா தலையாட்டினாள். அவர் போன பிறகு மிஷினில் உட்கார்ந்து, கிழியாத உறைக்கெல்லாம் ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்தாள். போன இடத்தில் அவர் கல்யாணம் செய்துகொண்டார் என்று பின்னால் கேள்விப்பட்டோம்.

மகள் படித்து முடித்தாள். ஒரு நினைவு நாளில் அவள் பேசியதைக் கேட்டு உருகிப்போன விதைக் கம்பெனி மேலாளர் ஒருவன் பெண் கேட்டு வந்தான். தலைவரே முன்நின்று கல்யாணத்தை நடத்தினார். பார்க்க லட்சணமாக, மரியாதையாகப் பேசுகிற பையன். அக்காவுக்கு அவனை என்னவோ பிடிக்கவில்லை. காரணம் கேட்டால், "வெளிய ரொம்பத் தங்கமா இருக்கான் சிஸ்டர்" என்றாள். அதை ஒரு காரணம் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

கல்யாணமாகி மூன்றாவது வருடம், நான் பணியிலிருந்த புறநோயாளிப் பகுதியில் மகள் வந்து உட்கார்ந்திருந்தாள். தாடை வீங்கிக் கன்றிப்போயிருந்தது. குளியலறையில் வழுக்கிவிட்டது என்றாள். எங்கள் ஊரில் பெண்களை வழுக்கிவிடாத குளியலறையே கிடையாது. மருந்து போட்டு, அவளைக் கையோடு துணியறைக்கு அழைத்துப் போனேன்.

அக்கா அந்தத் தாடையைப் பார்த்தாள். கதவைச் சாத்தினாள். என்னைப் போகச் சொல்லவில்லை.

"இனி அங்க போகாத கண்ணு" என்றாள்.

"என்னம்மா பேசற? அவருக்கு ஆபீஸ்ல டென்ஷன். எல்லாம் சரியாயிடும். எல்லாருக்கும் அப்பா மாதிரி கிடைக்குமா? நீ குடுத்து வெச்சவ. நான் கொஞ்சம் பொறுத்துத்தான் போகணும்."

அக்கா மகளைத் தன் நாற்காலியில் உட்கார வைத்தாள். பிறகு சொன்னாள். காது, ஸ்கூட்டர், சித்தி, கட்டிலடி எல்லாவற்றையும் குரல் உயர்த்தாமல் சொன்னாள்.

"அந்தப் பையில உங்கப்பா துணி ஒண்ணுகூட இல்ல. என் துணியும் உன் துணியும்தான். உன்னைத் தூக்கிட்டு அவரை விட்டுப் போகத்தான் நின்னேன். பஸ் இருந்திருந்தா போயிருப்பேன். 'வந்து உன்னப் பாத்துக்கறேன்'னு அவர் சொன்னது அன்புல இல்லடி. வந்து என்னைக் கொல்லறதுக்கு."

மகள் எழுந்து கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "செத்தவர் எழுந்து வந்து இல்லன்னு சொல்ல மாட்டார்னுதானே?" என்றாள். "என்னை இங்கயே நிறுத்திக்கறதுக்காக அப்பாவ இப்படியா சொல்லுவ?"

"பொய் சொல்லலடி. உங்க மாமாவக் கேளு."

மகள் அங்கேயே போனை எடுத்து மாமாவைக் கூப்பிட்டாள். எங்களுக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள். கேள்வியைக் கேட்டதும் அந்தப் பக்கத்தில் டிவியை அணைக்கிற சத்தம் கேட்டது. எனக்கு ஒரு நம்பிக்கை வந்தது. வயதாகிவிட்டது, இப்போதாவது மனிதர் வாயைத் திறப்பார் என்று நினைத்தேன்.

"யாரு சொன்னா அப்படி?" என்றார் மாமா. "உங்கப்பா தங்கம். ஒரு நாள் ஒரு பொழுது உங்கம்மாவ அதட்டிப் பேசினது கிடையாது. அவளுக்கு வயசாகுதுல்ல, ஏதாவது உளறுவா. நீ மனசுல வெச்சுக்காத கண்ணு."

உண்மையைச் சொன்னால் இரண்டு முறை திருப்பிக் கொண்டுவந்து விட்டதையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமே. அவருக்கும் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

மகள் போனைப் பைக்குள் போட்டாள். தாடையில் நான் போட்ட பஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு கதவைத் திறந்து போனாள். அன்று மாலையே கணவன் வீட்டுக்குப் போய்விட்டதாகத் தெரிந்தது. அதிலிருந்து அம்மாவின் போனை எடுப்பதில்லை.

அந்த வருட நினைவு நாளுக்குக் கார் வந்தபோது அக்கா ஏறவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டாள். தலைவர் பதறவில்லை. கார் அப்படியே மகள் வீட்டுக்குப் போனது. நான் கூட்டத்தில் நின்று பார்த்தேன். அக்காவின் நாற்காலியில் மகள் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் அவள் கணவன். பையோடு காத்து நின்ற தாயைப் பற்றி இந்த முறை மகளே பேசினாள். தலைவரைவிட நன்றாகப் பேசினாள். என் பக்கத்தில் நின்ற ஒரு பெண் தேம்பித் தேம்பி அழுதாள். அந்த இடத்தில் எழுந்து ஏதாவது சொல்லியிருக்கலாம். எனக்குத் துணிச்சல் இல்லை. துணிந்திருந்தாலும், கல்லில் வெட்டினதை விட்டுவிட்டு என்னை யார் நம்பப்போகிறார்கள்?

அக்கா வேலையிலிருந்து ஓய்வு பெற்று, சந்தைக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் தனியாக இருக்கிறாள். இப்போதெல்லாம் வேடிக்கையாக எதுவும் பேசுவதில்லை. மாதத்துக்கு ஒரு முறை பஸ் ஏறி மகள் வீட்டுக்குப் போவாள். சில தடவை கதவு திறக்கும், சில தடவை திறக்காது. உள்ளே பேச்சுக்குரல் கேட்கும், அப்போதும் திறக்காது. கொண்டுபோன பழத்தை வாசலில் வைத்துவிட்டு வருவாள்.

போன மாதம் நானும் கூடப் போனேன். அழைப்பு மணியை அழுத்தியதும் கதவு ஒரு சாண் திறந்தது. சங்கிலியைக் கழற்றவில்லை. உள்ளே இருட்டு. முகத்தில் பாதிதான் தெரிந்தது, அந்தப் பாதியில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"நல்லா இருக்கியா கண்ணு?" என்றாள் அக்கா.

"ம். அவர் தூங்கறார்." மகள் குரலைத் தாழ்த்தினாள். "இந்த வருஷம் ஃபங்ஷனுக்கு வந்துடும்மா. நீ வரலன்னு எல்லாரும் கேக்கறாங்க. எனக்கு அசிங்கமா இருக்கு."

"நீ கூப்பிட்டா வரேன்" என்றாள் அக்கா.

உள்ளேயிருந்து ஒரு ஆண்குரல், யார் என்று கேட்டது. கதவு மூடிக்கொண்டது.

திரும்பி வருகிற பஸ்ஸில் கூட்டமில்லை. நான் அவளுக்கு வலது பக்கமாக உட்கார்ந்துகொண்டேன். பாதித் தூரம் வரைக்கும் அவள் பயணச்சீட்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டு வந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அவ குரல் நல்லாத்தானே இருந்துச்சு சிஸ்டர்?" என்று கேட்டாள்.

நல்லாத்தான் இருந்துச்சு அக்கா என்றேன்.